அமுக்கினால் எழும்ப வேண்டும்

கண்ணால் பார்த்து எதையும் நம்பாதவர் அவர். கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்த பிறகுதான் நம்புவார். ரொட்டி, பப்பாளி, மீனின் வயிறு, புதுத் தலையணை, ஆட்டோவில் ஏறும் முன் ஆட்டோவின் சீட்டு, எதுவும் தப்பாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எல்லோரும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் குனிந்து, முழந்தாள் போடும் பலகையில் புதிதாகத் தைத்திருந்த மெத்தையை அமுக்கிக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். கேட்டால் மறுக்க மாட்டார். "பஞ்சு கம்மி. ஒரு வருஷத்துல படுத்துடும்," என்பார்.

பட்டினப்பாக்கத்தில் கடலுக்குப் பக்கத்துக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது. எங்கள் பிளாக்கில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. கேக் ஆன்ட்டி என்றால் போதும். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. வீட்டில் ஒரு பழைய ஓவன் இருந்தது. அபிராமபுரத்திலும் அடையாறிலும் யார் வீட்டுப் பிறந்தநாள் என்றாலும் கேக் அந்த ஓவனிலிருந்துதான் போகும். டிசம்பர் மாதம் எங்கள் மாடிப்படி முழுக்க வெண்ணெய் வாசனை அடிக்கும்.

கேக் வெந்துவிட்டதா என்று மற்றவர்கள் குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். அவருக்கு அது கேவலம்.

"நல்ல கேக்குல இன்னாத்துக்குடி ஓட்ட போடணும்? அமுக்கினா எழும்பணும். எழும்புனா வெந்துடுச்சு. குழி அப்படியே நின்னா உள்ள இன்னும் மாவு. அவ்ளோதான் விஷயம்."

என் முன்கையும் அவர் விரலுக்குத் தப்பியதில்லை. கல்லூரி விட்டு நான் படியேறி வரும்போது கதவைத் திறந்துகொண்டு வருவார், கையைப் பிடிப்பார், அமுக்குவார். வலிக்கும். "படிப்பு படிப்புன்னு ஓடிகினு கீறியே, உள்ள ஒண்ணுமே இல்லியேடி," என்று சொல்லிவிட்டு, கேக்கை வடிவாக்கும்போது வெட்டி எடுத்த ஓரங்களை ஒரு கிண்ணத்தில் போட்டுத் தருவார். பாதியை அவரே வாயில் போட்டுக்கொள்வார். அந்த ஓரங்கள்தான் தன் இடுப்பில் போய் உட்கார்ந்துவிட்டன என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் அப்போது பிசியோதெரபி கடைசி வருடத்தில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்ததே நான்தான். என் வெள்ளைக் கோட்டை மொட்டைமாடியில் காயப்போட மாட்டேன். வாசல் வராந்தாக் கொடியில்தான் போடுவேன். படியேறுகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான். ஆன்ட்டி அந்தக் கோட்டின் காலரையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "கஞ்சி பத்தல," என்றார்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று அவருடைய தம்பி வந்திருந்தார். ஒரே தம்பி. அசோக் நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். காலை முதல் இரவு வரை நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கும் தொழில். தொப்பை இருக்கும், சிரித்த முகமாக இருப்பார், பீடி சிகரெட் இல்லை, குடி இல்லவே இல்லை. அன்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவரின் பாதத்தில் செருப்பு வாரின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. நான் கேக் வாங்கப் போனவள், அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆன்ட்டி குனிந்து அந்தப் பாதத்தை அமுக்கினார். விரலை எடுத்தார். கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. அது எழும்பவில்லை. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். குழி அப்படியே நின்றது.

"இன்னாடா இது?"

"ஒக்காந்தே கீறேன் இல்ல, அதாங்க்கா. நீர்."

ஆன்ட்டி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தக் குழிக்கு என்ன பெயர், எதெதனால் வரும் என்று நான் அந்த வருடம்தான் படித்திருந்தேன். "நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க ஆன்ட்டி," என்றேன். பண்டிகை நாளில் அதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் அன்று அவர் ஒரு துண்டு கேக்கும் சாப்பிடவில்லை.

தம்பியின் ஈரல் சுருங்கிக் கல்லாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேறு ஈரல் வைக்க வேண்டும். பிளாக்கில் விஷயம் பரவியதும் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். "திருட்டுத்தனமா குடிச்சிருப்பான்." குடி காரணமே இல்லை, ஈரலில் வருடக்கணக்காகச் சேர்ந்த கொழுப்புதான் காரணம் என்று டாக்டர் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஆன்ட்டி நம்பினார். ஆனால் அவருக்கு அதில் தீராத சந்தேகங்கள் இருந்தன.

"வயித்துல இருந்த கொழுப்பு ஈரலுக்கு எப்புடிடி போச்சு? யாரு தூக்கினு போய் வச்சா?"

"யாரும் தூக்கிட்டுப் போகல ஆன்ட்டி. சாப்பிடுறதுல மிஞ்சறத உடம்பு அங்கங்க சேத்து வைக்கும். ஈரல்லயும் வைக்கும்."

"வைக்கறதுக்கு வேற எடமா இல்ல? இவ்ளோ பெரிய தொப்ப கீது!"

தம்பியின் மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை. ஆன்ட்டிக்குச் சேர்ந்தது. ஈரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தால் போதும், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு அவர் அசந்துபோனார். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் ஈரலுக்குப் பதிந்து வைத்தார்கள். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தம்பியால் ரொம்ப நாள் காத்திருக்கவும் முடியாது. ஆக, அவருக்கு இருந்த ஒரே வழி அக்கா.

அக்காவை ஸ்கேன் எடுத்தார்கள். அவருடைய ஈரலிலும் அதே கொழுப்பு.

"இப்ப எடுக்க முடியாதும்மா," என்றார் டாக்டர். "ரெண்டு மாசம் தர்றேன். கொழுப்பு குறையணும். ஆனா உடம்பு ஓஞ்சுபோய் வரக்கூடாது. ஆபரேஷன் முடிஞ்சு எழுந்து நடக்க வேண்டியது நீங்கதான்."

இரண்டு மாதம் என்பதை ஆன்ட்டி ஈஸ்டர் என்று மாற்றிக்கொண்டார். கணக்கு ஏறக்குறைய சரியாகத்தான் வந்தது. அடுத்த வாரமே சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கியது.

"எடை கொறைக்கணும், அவ்ளோதானே? இது எனக்குத் தெரிஞ்ச வேலடி," என்றார். சிறுவயதில் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து தவக்காலம் முழுக்க மீன், கறி, முட்டை மூன்றையும் தொடாதவர் அவர். இந்த வருடம் அதோடு நிறுத்தவில்லை. காலையில் ஒன்றுமில்லை. மதியம் ஒரு கிண்ணம் கஞ்சி, ஊறுகாய் கூட இல்லை. இரவில் அதே கஞ்சியில் பாதி. ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு பெண் விளக்கிச் சொன்னபோது இவர் தலையாட்டிக்கொண்டே வேறு ஏதோ நினைத்துக்கொண்டிருந்தாராம். டாக்டரின் உத்தரவும் தம்பிக்காக உடம்பை வருத்தும் ஒறுத்தலும் அவருக்குள் ஒன்றாகிவிட்டிருந்தன. பசியில் இருக்கிற பலமும் தீர்ந்துவிடாதபடி பகலில் பாயில் படுத்துக்கொண்டு செபமாலை உருட்டுவார். நான் சொல்லிப் பார்த்தேன். "நீ கோட்டு போடுறதுக்கு முன்னாலேர்ந்து நான் ஒருசந்தி வெரதம் இருக்கேன்," என்று வாயை அடைத்துவிட்டார்.

எடை இறங்கியது. அதில் சந்தேகமே இல்லை. மருந்துக்கடை மெஷினில் ஏறி நின்றுவிட்டு வந்து என் அம்மாவிடம் சொல்லிப் பூரித்துப்போவார். ரவிக்கை தொளதொளத்தது. கீழ்வீட்டுக்காரர்கள் "இன்னாக்கா, சின்னப் பொண்ணாட்டம் ஆயிட்ட," என்றார்கள்.

ஒரு மாலை நான் படியேறி வந்தபோது வழக்கம்போலக் கையைப் பிடித்து அமுக்கினார். எனக்கு வலிக்கவில்லை. வீட்டுக்குள் வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அந்தக் கட்டைவிரலில் அழுத்தமே இல்லை.

எங்கள் பிளாக்கில் லிஃப்ட் கிடையாது. கேஸ் சிலிண்டரைக் கொண்டுவருகிறவர் கீழே வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆன்ட்டி அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பேசிக்கொண்டே மூன்று மாடி ஏறுவார். அந்த வாரம் முதல் மாடித் திருப்பத்தில் டங்கென்று சத்தம் கேட்டது. நானும் அம்மாவும் எட்டிப் பார்த்தோம். சிலிண்டர் ஒருபக்கம், ஆன்ட்டி ஒருபக்கம், இரண்டும் படியில் உட்கார்ந்திருந்தன.

அம்மா அபிராமபுரத்தில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறவள். களைத்து வந்திருந்தாலும் வாய் மட்டும் களைக்காது. "கஞ்சி குடிச்சிட்டு கேஸு தூக்குறியா நீ? வுழுந்து மண்ட ஒடஞ்சா ஒன் தம்பிக்கு இன்னாத்தக் குடுப்ப, மண்டையவா?"

ஆன்ட்டி சண்டைக்கு வரவில்லை. உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். என்னைப் பார்த்து, "எட கொறஞ்சுபோச்சே பாப்பா. அப்போ லேசாதானே ஏறணும்? ஏன் ஏற முடில?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. எங்கள் வகுப்பில் கூட யாரும் அதை அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். உணவு ஆலோசனை சொல்லும் அந்தப் பெண் என்னைவிட ஓரிரு வயதுதான் பெரியவள். எடையைப் பார்த்தாள், கையையும் தொடையையும் நாடாவால் அளந்தாள். பிறகு கைப்பிடி வைத்த ஒரு கருவியைக் கொடுத்து, "இதை முடிஞ்ச மட்டும் அமுக்குங்கம்மா," என்றாள்.

ஆன்ட்டியின் முகம் மலர்ந்தது. வாழ்நாள் முழுக்க "அமுக்காதீங்க" என்று கடைக்காரர்களிடம் திட்டு வாங்கியவர். முதல்முறையாக ஒருவர் அமுக்கச் சொல்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். முள் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. மறுபடியும் அமுக்கினார். அதே இடம்தான்.

"எடை நல்லாத்தான் போயிருக்கு. ஆனா போனது கொழுப்பு மட்டும் இல்ல. தசையும் சேந்து போயிருக்கு," என்றாள் அந்தப் பெண். "இப்படியே வந்தீங்கன்னா டாக்டர் ஆபரேஷனுக்கு ஒத்துக்க மாட்டாரு. இந்தக் கஞ்சிய நிறுத்துங்க. சோறு கொஞ்சமா. மீன், முட்டை, பருப்பு, தயிர், ஒவ்வொரு வேளையும் இதுல ஏதாவது ஒண்ணு கண்டிப்பா வேணும். அப்புறம் படுக்கக் கூடாது. எடை தூக்கிப் பழகணும்."

"தவக்காலம்மா," என்றார் ஆன்ட்டி, மெல்லிய குரலில்.

"அப்படின்னா?"

கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் தொடையைத் தானே அமுக்கிக்கொண்டு வந்தார். மயிலாப்பூர் குளம் தாண்டும்போது கேட்டார். "ரெண்டும் ஒரே தோலுக்குள்ளதான கீது. எது கொழுப்பு, எது கறின்னு ஒடம்புக்கு எப்புடிடி தெரியும்?"

"வேலை செய்யுறத விட்டுவைக்கும் ஆன்ட்டி. தசைக்கு தினமும் வேலை குடுத்து, அதுக்கு வேண்டிய சாப்பாடும் குடுத்தா, இது தேவைப்படுதுன்னு வச்சுக்கிட்டு கொழுப்பை எடுத்துச் செலவு பண்ணும். பட்டினியும் போட்டு படுத்துக்கவும் செஞ்சா, இது சும்மாதான கிடக்குன்னு தசையையும் கரைச்சிடும்."

"அப்போ பாய்ல படுத்து நான் செபம் சொல்லச் சொல்ல அது உள்ளேர்ந்து என்னத் தின்னுகினு இருந்துச்சா?"

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். ஆன்ட்டி சிரிக்கவில்லை. தம்பிக்காக இருந்த விரதம் தம்பிக்குக் கொடுக்க வேண்டியதையே குறைத்துக்கொண்டிருந்தது என்பது அவருக்கு அந்த பஸ்ஸில்தான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

அன்று மாலையே கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் கேட்டார். திரும்பி வந்தவர் கோபமாக இருந்தார்.

"தாராளமா சாப்பிடும்மா, தப்பே இல்லன்னு ஒரு நிமிஷத்துல சொல்லிட்டாருடி. சின்ன வயசுலேர்ந்து காப்பாத்துனது! கொஞ்சமாவது யோசிக்க வாணாமா?"

அனுமதி கிடைத்ததைவிட அது சுலபமாகக் கிடைத்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துத் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். மீனை விடக் கூடாது, சரி. ருசியை விட்டுவிடலாம் அல்லவா? மீனை வெறும் மஞ்சள் தண்ணீரில் அவித்தார். முட்டையை உப்பில்லாமல் தின்றார். பருப்பில் பூண்டு இல்லை, தாளிப்பு இல்லை. தயிர் ஒன்றுக்குத்தான் விதிவிலக்கு, அதைக் கெடுக்க அவருக்கு வழி தெரியவில்லை.

என் அம்மா அந்தச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "தவசு இருக்கறது நீயி. இந்த மீனு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

கடற்கரைச் சாலை மீன்கடையில் நடந்ததுதான் வேடிக்கை. அங்கே அவருக்கு வாடிக்கையான மீன்கார அக்கா ஒருத்தி இருந்தாள். அதே கோயில், அதே பூசை.

"இன்னாக்கா, குருத்தோலை ஞாயிறே வரல, அதுக்குள்ள மீனு வாங்க வந்துட்ட?"

"எனக்கில்ல. பூனைக்கு."

"ஒனக்கு ஏது பூன?"

"புச்சா வந்துகீது." சொல்லிக்கொண்டே சங்கராவின் வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பிளாக்கிலேயே பூனை கிடையாது.

மறுநாள் நெத்திலி. அதற்கு அடுத்த நாள் வவ்வால். அன்று மீன்கார அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க்கா, ஒன் பூன செவுளத் தொறந்து பாத்து, வவ்வாலா பொறுக்கித் துன்னுதே, அதுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆன்ட்டி வவ்வாலை இன்னொரு அமுக்கு அமுக்கினார். பிறகு, "பூன நான்தாண்டி," என்று சொல்லி, விஷயத்தையும் சொன்னார். மீன்கார அக்கா கத்தியை எடுத்து வவ்வாலை நறுக்கத் தொடங்கினாள். அன்றிலிருந்து இவர் வரும் முன்பே நல்ல மீனை ஓலைக்கூடைக்கு அடியில் ஒதுக்கிவைத்தாள். "நீ அமுக்காத, நானே பாத்துதான் வச்சிகீறேன்," என்பாள். ஆன்ட்டி அமுக்கித்தான் வாங்குவார்.

எடை தூக்கும் பொறுப்பு என்னுடையது. ஜிம் எல்லாம் வேண்டாம் என்றார். எங்கள் எல்லார் வீட்டிலும் தண்ணீர் கேன் இருக்கிறதே. காலையில் மொட்டைமாடி. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வருவார். கேனில் கால்வாசி தண்ணீர் நிரப்பி, அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், கையை ஊன்றாமல். பிறகு கைப்பிடிச்சுவரில் கையை வைத்து உடம்பைத் தள்ள வேண்டும். பிறகு கேனைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி இறக்க வேண்டும். சுலபமாகிவிட்டது என்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். துணி காயப்போட வருகிறவர்கள் போகாமல் நிற்பார்கள்.

"இன்னா ஆன்ட்டி, ஒலிம்பிக்ஸுக்கா?"

"ஆமா. மெடலு வாங்கினு வந்து ஒன் கொடியில காயப்போடுறேன், நவுரு."

ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லாமல் அவரைச் செய்யவைக்க முடியாது. "இது எந்தக் கறிக்கு?" என்பார். நான் இடத்தைத் தொட்டுக் காட்டுவேன். செய்வதற்கு முன் அந்த இடத்தை அமுக்குவார், செய்யும்போது நடுவில் நிறுத்தி அமுக்குவார், முடித்த பிறகும் அமுக்குவார். "தூக்கும்போது கல்லாட்டம் ஆவுது, எறக்கி வச்சா இளகிடுது. அந்தக் கல்லு எங்கடி போவுது?" சில கேள்விகளுக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னேன். பரீட்சையில் எனக்குத் தசைப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்ததற்கு அந்த மாடியும் ஒரு காரணம். படித்தது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மருந்துக்கடை மெஷின் அவரைப் படுத்தியது. கஞ்சி நாட்களில் மளமளவென்று இறங்கிய முள், இப்போது அசைவேனா என்றது. ஒரு வாரம் கொஞ்சம் இறங்கும், மறுவாரம் நின்றுவிடும். குருத்தோலை ஞாயிறன்று கையில் ஓலைச் சிலுவையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கஞ்சிக்கே போயிடுறேன் பாப்பா. இந்த வேகத்துல போனா ஈஸ்டருக்கு ஆவாது. அவன் கண்ணு மஞ்சளாயிகினே போவுது. நேத்துப் பாத்தேன்."

அவர் அழுது நான் பார்த்த ஒரே தடவை அதுதான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நான் படித்ததெல்லாம் மற்றவர்கள் எழுதியது. இது எதிர்வீட்டு ஆன்ட்டியின் உடம்பு, அதற்குப் பின்னால் இன்னொரு உயிர். என் முன்கையை நீட்டினேன்.

"அமுக்குங்க ஆன்ட்டி."

புரியாமல் அமுக்கினார். உயிர் போகிற மாதிரி வலித்தது. நான் கத்தியதில் அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"மெஷினுக்கு என்ன தெரியும் ஆன்ட்டி? அதுக்கு மொத்தம்தான் தெரியும். உள்ள என்னன்னு உங்க விரலுக்குத்தான் தெரியும்," என்றேன். அவர் சிவந்துபோன என் கையையும் தன் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நைட்டியின் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது முன்பு வந்ததைவிட அதிகமாகவே வந்தது. கஞ்சிக்குப் போகவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் கொடுத்த கஞ்சியை மட்டும் வாங்கி வந்து, அவித்த முட்டையின் வெள்ளைக்கருவோடு குடித்தார். உப்பில்லாமல்தான்.

அந்த வாரம் தம்பி ஒருமுறை வந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்து, அக்கா கேனைத் தூக்கி இறக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வாணாங்க்கா. ஒனக்கு எதுனா ஆயிட்டா எனக்கு அந்த ஈரலு எதுக்கு?"

"டேய், நீ பண்ற தொழிலுதாண்டா. ஒண்ண வச்சு ரெண்டு எடுக்கறது. ஒரிஜினலுக்கு இன்னா கொறையப் போவுது?" என்றார் ஆன்ட்டி, கேனை இறக்காமலே.

ஈஸ்டர் முடிந்த வாரம் மறுபடி ஸ்கேன். ஈரலில் கொழுப்பு போதிய அளவு குறைந்திருந்தது. அந்தப் பெண் மறுபடியும் கருவியைக் கொடுத்தாள். ஆன்ட்டி அமுக்கினார். முள் பழைய இடத்தைத் தாண்டி ஏறியது. "போதும்மா, விடுங்க," என்று அவள் சொன்ன பிறகும் விடவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து, வார்டுக்கு மாற்றிய அன்று பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி பிசியோ ஒருவர் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தார். ஆன்ட்டியின் வயிறு முழுக்கக் கட்டு. முகம் வெளுத்திருந்தது. பிசியோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனபோது, "கையை எடுங்க தம்பி," என்றார் ஆன்ட்டி. பாதத்தைத் தரையில் பதித்தார். தொடை நடுங்குவது உடைக்கு வெளியிலேயே தெரிந்தது. மொட்டைமாடி நாற்காலியிலிருந்து எழுவது போலவே, கையை ஊன்றாமல், எழுந்து நின்றார். நின்றதும் முதலில் கேட்டது, "அவன் எழுந்தானா?"

அதற்குப் பிறகு அவர் எங்கள் பிளாக்குக்குத் திரும்பி வரவில்லை. கனம் தூக்கக் கூடாது, மாடி அதிகம் ஏறக் கூடாது என்று தம்பி வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். பிறகு அங்கேயே தங்கிவிட்டார். எதிர்வீட்டில் இப்போது வேறு குடும்பம். நான் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். கோட்டு இன்னமும் வராந்தாக் கொடியில்தான் காய்கிறது. புதிதாக வருகிற நோயாளியின் கணுக்காலை அமுக்கிப் பார்க்கும்போதெல்லாம், விரலை எடுத்தபின் அந்த ஒரு கணம், என்ன ஆகிறது என்று பார்க்கக் குனியும்போது, என் பக்கத்தில் இன்னொரு தலையும் குனிகிறது.

அசோக் நகர் வீட்டுக்கு நான் முதல்முறை போனது, அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்து. வெறுங்கையோடு போகக் கூடாது என்று டி.நகரில் பேக்கரி கேக் ஒன்று வாங்கிப்போனேன். பெட்டியைத் திறந்ததும் அமுக்கினார். "முந்தாநாள் கேக்கு. ஏமாத்திட்டான் ஒன்ன," என்றார். அவர் குரலைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தொப்பை இல்லை, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் கண் வெள்ளையாக இருந்தது.

"காலத் தூக்குடா," என்றார் ஆன்ட்டி.

"தெனமும் இதே ரோதனதான் பாப்பா. டாக்டரு பாத்தாச்சு, ரத்தம் பாத்தாச்சு, எல்லாம் நல்லாகீதுன்னு சொல்லியாச்சு. இவங்க நம்ப மாட்டாங்க."

"தூக்குடா."

அக்கா குனியக் கூடாது என்பதால் தம்பியே காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். ஆன்ட்டி கட்டைவிரலைப் பாதத்தின்மேல் வைத்தார். கிறிஸ்துமஸ் அன்று அமுக்கிய அதே இடம். அழுத்தினார். இந்த முறை சீக்கிரம் எடுக்கவில்லை. அவருடைய நகம் வெளுக்கும்வரை அழுத்தினார். எடுத்தார்.

நாங்கள் மூன்று பேரும் அந்த இடத்தையே பார்த்தோம். தோலில் விரல் தடம் வெளிறித் தெரிந்தது. பிறகு அங்கே ரத்தம் ஓடி நிறம் திரும்பியது. குழி இல்லை. தடவிப் பார்த்தாலும் பள்ளம் தெரியவில்லை.

ஆன்ட்டி தம்பியின் காலைத் தட்டி மடியிலிருந்து தள்ளிவிட்டார். கத்தியை எடுத்து அந்த முந்தாநாள் கேக்கிலிருந்து ஒரு ஓரத்தை வெட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"வெந்துடுச்சு," என்றார்.